தனியாக ஓட்டும் 24 மணி நேரம்: வாசகர் கேள்வி – பதில்

மலைப்பாதையில் நடக்கும் நெடுநேர சைக்கிள் பந்தயங்களில், குழுவாக மாறி மாறி ஓட்டாமல் ஒருவரே தொடக்கம் முதல் முடிவு வரை ஓட்டும் தனிநபர் பிரிவு பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே பொருளைப் பற்றிப் பலர் கேட்டிருந்தவை ஒரே கேள்வியாகச் சேர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: நண்பர்கள் நால்வர் ஒரு குழுவாக 24 மணி நேர மவுண்டன் பைக் பந்தயத்தில் ஓட்டினோம். அடுத்த முறை தனியாகப் பதிவு செய்ய நினைக்கிறேன். நால்வர் ஓட்டியதை ஒருவர் ஓட்டுவது என்பதைத் தவிர இதில் வேறென்ன வேறுபாடு?

பதில்: குழுவில் இருந்தபோது நீங்கள் ஒரு சுற்றை மூச்சு முட்ட ஓட்டிவிட்டு, அடுத்த மூவரும் ஓட்டி முடிக்கும் வரை சாப்பிட்டு, உடை மாற்றி, சற்றே கண்ணயர்ந்தும் இருப்பீர்கள். அந்தப் பந்தயத்தில் வேகத்துக்கு மதிப்பு உண்டு. தனிநபர் பிரிவில் வேகம் இரண்டாம் இடத்துக்குப் போய்விடுகிறது. நிற்காமல் இருப்பதே முதலிடத்துக்கு வருகிறது. இதைக் கணக்காகவே பார்க்கலாம். ஒரு சுற்றுக்கு ஒரு மணி நேரம் ஆகிறது என்று கொள்வோம். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் நீங்கள் 8 நிமிடம் நிற்கிறீர்கள், உங்களோடு போட்டியிடுபவர் 2 நிமிடம் நிற்கிறார் என்றால், 20 சுற்றுகளில் அவர் உங்களைவிட 120 நிமிடம் முன்னே இருப்பார். அந்த 6 நிமிடத்தைப் பெடலை மிதித்தே ஈட்ட வேண்டுமானால் ஒவ்வொரு சுற்றையும் 60 நிமிடத்துக்குப் பதிலாக 54 நிமிடத்தில் முடிக்க வேண்டும். அதற்குப் பல ஆண்டுப் பயிற்சி தேவைப்படலாம். நிற்கும் நேரத்தைக் குறைப்பதற்கோ, எந்தப் பொருள் எங்கே இருக்கிறது, எதை எப்போது செய்வது என்பதை முந்தைய நாளே எழுதி வைத்தால் போதும். இந்தப் பக்கத்தில் வரும் பெரும்பாலான பதில்கள் ஏதோ ஒரு வகையில் இந்தக் கணக்குக்கே திரும்பி வரும்.

இந்தப் பிரிவு உருவான விதமும் சுவையானது. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் லேர்ட் நைட் என்பவர் 1992-இல் நடத்திய '24 ஹவர்ஸ் ஆஃப் கேனன்' என்ற பந்தயம் குழுக்களுக்கானதாகவே வடிவமைக்கப்பட்டிருந்தது. ஒரே ஆள் 24 மணி நேரமும் ஓட்டுவார் என்று அப்போது யாரும் எதிர்பார்க்கவில்லை. 1996-இல் ஜான் ஸ்டாம்ஸ்டட் என்ற வீரர் தம் பெயரையே நான்கு விதமாக மாற்றி எழுதி, நால்வர் குழுவாகப் பதிவு செய்துகொண்டு, எல்லாச் சுற்றுகளையும் தாமே ஓட்டினார். பிறகு தனிநபர் பிரிவு தனக்கென விதிகளோடு வளர்ந்து, அதற்கு உலகப் பட்டப் போட்டிகளும் வந்தன. ஆஸ்திரேலியாவின் ஜேசன் இங்கிலிஷ் அந்தப் பட்டத்தை ஏழு முறை வென்றிருக்கிறார்.

பதிவு செய்வதற்கு முன் விதிப் புத்தகத்தில் ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். சில பந்தயங்களில் 24-ஆவது மணி முடிவதற்குள் முடிவுக்கோட்டைக் கடந்துவிட்டால் இன்னொரு சுற்றைத் தொடங்கலாம், அதுவும் கணக்கில் சேரும். வேறு சிலவற்றில் அந்த நேரத்துக்குள் முடித்த சுற்றுகள் மட்டுமே எண்ணப்படும். கடைசி மூன்று மணி நேரத்தை எப்படி ஓட்டுவது என்பது முழுவதும் இந்த ஒரு விதியைப் பொறுத்தது.

கேள்வி: முழுநேர வேலையில் இருக்கிறேன். வாரத்துக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் சைக்கிள் ஓட்ட இயலாது. இது போதுமா? பயிற்சிக்காக ஒரு முறையாவது 24 மணி நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டுமா?

பதில்: முடிப்பதே நோக்கம் என்றால், அந்தப் பத்து மணி நேரத்தை ஒழுங்காகப் பயன்படுத்தினால் போதும். பயிற்சியில் 24 மணி நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டியதில்லை, ஓட்டவும் கூடாது. அதிலிருந்து உடல் மீண்டு வருவதற்கே வாரக்கணக்கில் ஆகும், அந்த வாரங்களில் இழக்கும் பயிற்சி அதனால் பெறும் நன்மையைவிட அதிகம். வார நாள்களில் இரண்டு மூன்று குறுகிய பயிற்சிகள், அவற்றில் ஒன்றில் ஏற்றத்தில் சற்றுக் கடுமையாக மிதிப்பது, வார இறுதியில் ஒரு நீண்ட ஓட்டம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். நீண்ட ஓட்டத்தைப் படிப்படியாக ஆறு மணி நேரம் வரை உயர்த்தி, பந்தயத்துக்கு முந்தைய மாதங்களில் ஓரிரு முறை சனிக்கிழமை ஒரு நீண்ட ஓட்டம், களைத்த கால்களோடு ஞாயிற்றுக்கிழமை இன்னொன்று என்று அடுத்தடுத்து வையுங்கள். களைப்புக்கு மேல் ஓட்டும் பழக்கம், ஒரே நாளில் பன்னிரண்டு மணி நேரம் ஓட்டுவதைவிட இந்த முறையில் குறைந்த சேதத்தோடு வரும். கடைசி இரண்டு வாரங்களில் நேரத்தைக் குறைத்துவிட வேண்டும்.

பலர் விட்டுவிடும் பகுதி இரண்டு. ஒன்று, இடுப்பு, முதுகு, தோள், முன்கை ஆகியவற்றுக்கான வலுப்பயிற்சி. இறக்கங்களில் பைக்கைக் கட்டுப்படுத்துபவை இவை. பதினைந்தாவது மணி நேரத்தில் கால்கள் இன்னும் சுழல, பிரேக்கைப் பிடிக்கும் விரல்கள் ஒத்துழைக்க மறுத்ததால் பந்தயத்தை விட்டவர்கள் உண்டு. இரண்டு, இரவில் ஓட்டும் பழக்கம். பகலில் நன்கு தெரிந்த பாதைகூட விளக்கு வெளிச்சத்தில் வேறு பாதையாகத் தெரியும். மாதத்துக்கு இரண்டு முறையாவது இருட்டிய பிறகு ஓட்டுங்கள். பந்தயத்தில் பொருத்தப்போகும் விளக்குகளையே அப்போதும் பொருத்துங்கள்.

24 மணி நேரப் பந்தயத்துக்கு நேராகப் போகாமல் முதலில் ஒரு 6 மணி நேரப் பந்தயம், பிறகு ஒரு 12 மணி நேரப் பந்தயம் என்று ஏறுவது நல்லது. உணவும் இருக்கையும் உங்களுக்கு ஒத்துவருகின்றனவா என்பது 12 மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

கேள்வி: தொடக்கத்தில் எல்லோரும் பாய்ந்து போகிறார்கள். பின்தங்கினால் குறுகிய பாதையில் கூட்டத்தில் மாட்டிக்கொள்வேன் என்று அஞ்சி நானும் வேகமாகப் போகிறேன். மூன்று மணி நேரத்தில் தளர்ந்துவிடுகிறேன். இதற்கு வழி என்ன?

பதில்: கூட்டத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். அதனால் போவது முதல் சுற்றில் சில நிமிடங்கள். உடல் எரிபொருளாகச் சேமித்திருக்கும் சர்க்கரையான கிளைகோஜன் ஏறத்தாழ 400 முதல் 500 கிராம். ஒரு கிராமுக்கு 4 கலோரி என்று கணக்கிட்டால் மொத்தம் 2,000 கலோரிக்குள். கடுமையாக மிதிக்கும்போது உடல் கொழுப்பைவிட இதையே அதிகமாக எரிக்கும். தொடக்கத்தில் உற்சாகத்தில் செலவழித்ததைப் பந்தயத்தின் நடுவே சாப்பிட்டு முழுவதும் ஈடுகட்டுவது இயலாத காரியம், ஏனெனில் எரியும் அளவுக்குக் குடலால் உறிஞ்ச முடியாது.

முழு வாக்கியங்களாகப் பேச முடிகிற அளவுக்கு மேல் முதல் ஆறு மணி நேரத்தில் போகாதீர்கள்; செங்குத்தான ஏற்றத்தில் இந்த அளவு கொஞ்சம் மீறத்தான் செய்யும், ஆனால் அடுத்த சமதளத்தில் மூச்சு உடனே இறங்கிவிட வேண்டும். மிதிக்க மிதிக்க நடை வேகத்துக்கே வந்துவிடும் ஏற்றங்களில் இறங்கித் தள்ளுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. முதுகுக்கும் இருக்கைப் பகுதிக்கும் அது ஓய்வு. இதயத் துடிப்பு மானியை மட்டும் நம்பி ஓட்டுவதும் சரியாக வராது. வெயிலிலும் நீர்க்குறைவிலும் அதே உழைப்புக்குத் துடிப்பு மேலே ஏறும்; பின்னிரவில் எவ்வளவு மிதித்தாலும் அது மேலே ஏற மறுக்கும். அந்த நேரத்தில் காலையில் பார்த்த எண்ணைத் துரத்திக்கொண்டு போனால் உடம்பைத்தான் கெடுத்துக்கொள்வீர்கள்.

கேள்வி: நீண்ட பந்தயங்களில் பாதிக்கு மேல் எனக்கு எதையும் விழுங்க முடிவதில்லை. குமட்டல் வருகிறது. ஜெல்லும் இனிப்புப் பானமும்தான் எடுத்துக்கொள்கிறேன். என்ன சாப்பிட வேண்டும், எவ்வளவு சாப்பிட வேண்டும்?

பதில்: தனியாக ஓட்டுபவர்கள் பந்தயத்தை விட்டுவிடுவதற்குக் கால்களைவிட வயிறே பெரும்பாலும் காரணமாகிறது என்பது என் கருத்து, ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

குளுக்கோஸை மட்டும் எடுத்துக்கொண்டால் குடல் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 60 கிராம் வரைதான் உள்ளே விடும். பழச்சர்க்கரையான பிரக்டோஸ் வேறொரு வழியாக உறிஞ்சப்படுவதால் இரண்டையும் கலந்து எடுத்தால் 90 கிராம் வரை போகலாம். ஆனால் இது பழகிய குடலுக்கான அளவு. வாரப் பயிற்சிகளில் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் பந்தய நாளில் திடீரென்று 90 கிராமை உள்ளே தள்ளினால் உறிஞ்சப்படாத சர்க்கரை குடலில் தங்கி நீரை இழுத்துக்கொள்ளும். உங்களுக்கு வருகிற குமட்டலுக்கும் வயிற்று உப்பசத்துக்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம். நீண்ட பயிற்சிகளின்போது மணிக்கு 40 கிராமில் தொடங்கி, வாரங்கள் செல்லச் செல்லக் கூட்டுங்கள். குடலும் பயிற்சியால் பழகும் உறுப்புத்தான்.

இன்னொரு காரணம் வேகம். கடுமையாக மிதிக்கும்போது ரத்தம் குடலிலிருந்து தசைகளுக்குத் திருப்பப்படுகிறது. வயிறு அப்போது வேலை செய்யாது. முந்தைய கேள்விக்குச் சொன்ன பதில் இதற்கும் பாதி மருந்து. குமட்டல் வந்துவிட்டால் வேகத்தைக் குறைத்து, பதினைந்து இருபது நிமிடம் வெறும் தண்ணீரைச் சிறிது சிறிதாக அருந்துங்கள். அதற்குள் அடங்கினால் உப்புச் சேர்த்த ஏதாவது ஒன்றைச் சிறு அளவில் எடுத்துப் பாருங்கள்.

மூன்றாவது காரணம் சுவைச் சலிப்பு. எட்டு மணி நேரம் இனிப்பையே விழுங்கிய நாக்கு ஒன்பதாவது மணியில் மறுத்துவிடும். உப்பிட்டு வேகவைத்த உருளைக்கிழங்கு, மெல்லிய ரொட்டி, வாழைப்பழம், இரவில் சூடான சூப் என்று மாற்றி மாற்றி வையுங்கள். கடித்து மெல்ல வேண்டியவற்றை ஏற்றம் முடிந்து வரும் சமதளத்தில் சாப்பிடும்படி பாதையில் இடம் குறித்துக்கொள்ளுங்கள். இறக்கத்துக்குச் சற்று முன்னால் வாயில் போட்டுக்கொண்டால் மூச்சு வாங்குவதற்கே சிரமமாகிவிடும். பசிக்கும்போது சாப்பிடலாம் என்று விடாமல் கைக்கடிகாரத்தில் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை ஒலி வைத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் நள்ளிரவுக்குப் பின் பசி உணர்வையும் நம்ப முடியாது.

தண்ணீரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 'எவ்வளவு குடிக்க முடியுமோ அவ்வளவு குடி' என்ற பழைய அறிவுரை ஆபத்தானது. வியர்வையில் போவதைவிட அதிகமாகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினால் அது நோய்நிலை. தலைவலி, வாந்தி, குழப்பம், விரல்களில் மோதிரம் இறுகும் வீக்கம், பந்தயத் தொடக்கத்தைவிட உடல் எடை கூடியிருப்பது ஆகியவை அதன் அறிகுறிகள். உப்பு மாத்திரை விழுங்கிக்கொண்டே அளவுக்கு மீறிக் குடித்தாலும் இது வரும். தாகத்துக்குக் குடியுங்கள், வெப்பத்துக்கு ஏற்ப மணிக்கு அரை லிட்டருக்குச் சற்றுக் கூடவோ குறையவோ இருப்பது பெரும்பாலோருக்குப் பொருந்தும்.

கேள்வி: இரவில் தூங்க வேண்டுமா, கூடாதா?

பதில்: 24 மணி நேரப் பந்தயத்தில் முன்னணியில் இருப்பவர்கள் தூங்குவதில்லை. அவர்களுக்கு அடுத்து வருபவர்களுக்கும், கண் சொக்காத வரை, தூங்காமல் இருப்பதே எளிது. விடியலுக்கு முந்தைய மணிகளில், ஏறத்தாழ இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை, உடலின் வெப்பநிலை மிகக் கீழே இறங்கி விழிப்புணர்வும் சரிந்திருக்கும். அப்போது தோன்றும் மனச்சோர்வு உடற்கடிகாரத்தின் வேலை. உங்கள் தகுதியைப் பற்றிய தீர்ப்பு அன்று. சூரிய ஒளி பட்டதும் அதில் பெரும்பகுதி தானாகவே விலகும் என்பதை அறிந்து வைத்திருப்பவருக்கு அந்த மணிகளைக் கடப்பது எளிது. பந்தயத்தை விடுவதா, தொடர்வதா என்ற முடிவை இருட்டில் எடுப்பதில்லை என்று முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளுங்கள். காயம், நோய் இரண்டும் இதற்கு விலக்கு.

காபீனை முதல் மாலையிலேயே தொடங்கிவிடாமல் நள்ளிரவுக்குப் பின் பயன்படுத்துங்கள். அதன் பாதி அளவு உடலை விட்டு வெளியேற ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால் சிறிய அளவுகளை இடைவெளி விட்டு எடுத்தாலே போதும். பாதையில் கண் மூடித் திறக்கிற நிலை வந்துவிட்டால் விவாதத்துக்கு இடமில்லை: நிறுத்தி, இருபது நிமிடத்துக்கு அலாரம் வைத்து, படுத்துவிடுங்கள். அதற்கு மேல் தூங்கினால் ஆழ்ந்த உறக்கத்துக்குள் போய், எழுந்த பின் அரை மணி நேரம் வரை தலை தெளியாமல் திணறுவீர்கள்.

கேள்வி: என் மனைவி முதல் முறையாகத் தனிநபர் பிரிவில் ஓட்டப்போகிறார். துணையாள் நான்தான். சைக்கிளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: சைக்கிளைப் பற்றித் தெரியாத துணையாளர் பல நேரங்களில் தெரிந்தவரைவிடச் சிறந்தவர், அவர் ஆலோசனை சொல்லிக்கொண்டிருக்க மாட்டார். பந்தயத்துக்கு முன்பே இருவரும் உட்கார்ந்து ஒரு தாளில் சுற்று வாரியாக எழுதுங்கள்: எந்தச் சுற்றின் முடிவில் எந்த பாட்டில், எந்த உணவு, எப்போது செயினுக்கு எண்ணெய், எப்போது விளக்குகளைப் பொருத்துவது, எப்போது கையுறையும் சட்டையும் மாற்றுவது. அவர் வந்ததும் 'என்ன வேண்டும்?' என்று கேட்காதீர்கள். பன்னிரண்டு மணி நேரம் ஓட்டியவருக்கு என்ன வேண்டும் என்று அவருக்கே தெரியாது. 'ஒன்றும் வேண்டாம்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். தாளில் உள்ளதைக் கையில் கொடுங்கள். அவர் எதைச் சாப்பிட்டார், எதைத் திருப்பிக் கொண்டுவந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு சுற்றுகளாக உணவு அப்படியே திரும்பி வந்தால் வயிறு மக்கர் செய்யத் தொடங்கிவிட்டது என்று பொருள், அவர் வாயால் அதைச் சொல்லாவிட்டாலும்.

நாற்காலியை அவர் கண்ணில் படும்படி போடாதீர்கள். நீங்கள் உட்கார ஒன்று வேண்டும்தான். அதைக் கூடாரத்துக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். இரவு இரண்டு மணிக்கு நாற்காலியில் அமர்ந்து, தோளில் போர்வையும் போர்த்திக்கொண்டவர் மீண்டும் எழுவது அரிது. போட்டியாளர்களோடு உள்ள இடைவெளியை அவர் கேட்டால் சொல்லுங்கள், கேட்காவிட்டால் வேண்டாம். பெரும்பாலான பந்தயங்களில் துணையாளர் குறிப்பிட்ட பகுதிக்குள் மட்டுமே உதவலாம். பாதையின் நடுவே போய் ஒரு பாட்டில் கொடுத்தாலும் அவருக்குத் தண்டனை கிடைக்கக்கூடும் என்பதால் எல்லைக்கோடு எங்கே என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும் நீங்கள் இருவரும் பந்தயத்துக்கு முன் தெளிவாகப் பேசி முடிவு செய்ய வேண்டும்: எந்த நிலையில் அவரை நிறுத்தும் உரிமை உங்களுக்கு உண்டு என்பது. விழுந்து தலையில் அடிபட்டிருந்தால், பேச்சு குழறினால், கேட்டதற்குத் தொடர்பில்லாமல் பதில் சொன்னால், நடுக்கம் நிற்காவிட்டால், சிறுநீர் கரும்பழுப்பாகப் போகிறது என்று சொன்னால் நிறுத்திவிட்டு மருத்துவக் குழுவிடம் அழைத்துச் செல்லுங்கள். கடைசியாகச் சொன்னது தசை சிதைந்து அதன் கழிவு சிறுநீரகத்தை அடைப்பதன் அறிகுறியாக இருக்கலாம். வெறும் களைப்பும் அழுகையும் இந்தப் பட்டியலில் இல்லை. அழுதுகொண்டே வந்தால் சூப்பைக் கையில் கொடுத்து, அடுத்த சுற்றுக்கு அனுப்புங்கள். இது கடினமாகத் தோன்றும். ஆனால் காலையில் அவர் உங்களைக் கடிந்துகொள்ளப்போவது அனுப்பியதற்காக இருக்காது.

கேள்வி: பின் சஸ்பென்ஷன் உள்ள பைக் எடையும் விலையும் கூடுதலாக இருக்கிறது. முன் சஸ்பென்ஷன் மட்டும் உள்ளது போதாதா?

பதில்: உங்களிடம் அது இருக்கிறது என்றால் அதிலேயே ஓட்டுங்கள். புதிதாக வாங்குவதென்றால், கரடுமுரடான பாதையில் 24 மணி நேரத்துக்குப் பின் சஸ்பென்ஷன் உள்ளதையே தேர்ந்தெடுப்பேன். எடையில் இழப்பதை முதுகு திருப்பித் தரும். எந்த பைக்கானாலும் டியூப்லெஸ் டயரில் சீலன்ட் (ஓட்டையைத் தானே அடைக்கும் திரவம்) புதிதாக ஊற்றியிருக்க வேண்டும், கையில் ஒரு டியூபும் செயின் இணைப்பும் இருக்க வேண்டும். பந்தய வாரத்தில் எந்தப் பாகத்தையும் மாற்றாதீர்கள், குறிப்பாக சீட்டை.

கேள்வி: மழை பெய்தால்?

பதில்: சேறும் மணலும் கலந்த நீரில் ரெசின் வகை பிரேக் பேடுகள் சில சுற்றுகளிலேயே தேய்ந்துவிடக்கூடும். உலோகத் துகள் கலந்த பேடுகள் சத்தம் போட்டாலும் நீடித்து நிற்கும். ஆகவே வானிலை ஐயத்துக்கு இடமாக இருந்தால் அவற்றையே பொருத்தி, மாற்று இணை ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். செயினுக்கு ஈரத்துக்கு ஏற்ற எண்ணெயை ஒவ்வொரு சுற்றிலும் விட வேண்டியிருக்கும். மற்றபடி மழை எல்லோருக்கும் பொது. குளிர்தான் உண்மையான பகை: நனைந்த உடலோடு நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் வெப்பத்தை இழக்கிறீர்கள் என்பதால் மழையில் நிறுத்தங்களை இன்னும் சுருக்குங்கள்.

கேள்வி: விளக்கு ஒன்று போதுமா?

பதில்: இரண்டு வேண்டும். ஹேண்டில்பாரில் உள்ளது பைக் போகும் திசையையும், ஹெல்மெட்டில் உள்ளது நீங்கள் பார்க்கும் திசையையும் காட்டும்; வளைவுகளில் இரண்டாவதே கண். பழுது வந்தால் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ளவும் அது உதவும். குளிரில் பேட்டரியின் திறன் குறையும் என்பதால், பெட்டியில் எழுதியிருக்கும் நேரத்தை அப்படியே நம்பாமல் ஒரு சுற்று முன்னதாகவே மாற்றிவிடுங்கள்.

கேள்வி: பந்தயம் முடிந்து பல நாள்களாகியும் மோதிர விரலும் சுண்டுவிரலும் மரத்தே இருக்கின்றன. இது எதனால்? முட்டியின் முன்பக்கமும் வலிக்கிறது.

பதில்: உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கம், மணிக்கட்டை ஒட்டி, அல்நார் நரம்பு ஒரு குறுகிய வழியாகச் செல்கிறது. ஹேண்டில்பாரில் எடை ஊன்றி மணிக்கணக்கில் அதிர்வு வாங்கும்போது அந்த நரம்பு அழுந்துகிறது. அந்த இரு விரல்களுக்கும் உணர்வு தருவது அதுதான். பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும். ஆனால் விரல்களை விரிக்கவோ சாவியைப் பிடித்துத் திருகவோ வலுக் குறைந்திருந்தால் தாமதிக்காமல் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். சீட்டின் மூக்கு கீழ்நோக்கிச் சரிந்திருந்தால் உடல் முன்னே நழுவி எடை முழுவதும் கைக்குப் போகும்; அதை முதலில் சமன் செய்யுங்கள். ஹேண்டில்பாரைச் சற்று உயர்த்துவதும், உள்ளங்கைக்கு அகன்ற தாங்கல் தரும் பிடியும் பயன்படும். முட்டியின் முன்பக்க வலிக்கு, சீட் உயரம் குறைவாக இருப்பது அடிக்கடி காணும் காரணம். அதிக உயரமானால் வலி முட்டியின் பின்பக்கம் வரும்.

கேள்வி: பந்தயத்தின் நடுவே வலி நிவாரணி மாத்திரை எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: ஐபுப்ரோபென் வகை மாத்திரைகளைத் தவிர்த்துவிடுங்கள். நீர்க்குறைவிலும் தசைச் சிதைவிலும் ஏற்கெனவே சுமை தாங்கிக்கொண்டிருக்கும் சிறுநீரகத்துக்குச் செல்லும் ரத்த ஓட்டத்தை அவை மேலும் குறைக்கின்றன. மாத்திரை இல்லாமல் தொடர முடியாத வலி என்றால் தொடர வேண்டாம்.

கேள்வி: குறுகிய பாதையில் குழுப் பிரிவு வீரர்கள் பின்னால் வந்து வழி கேட்டுக் கத்துகிறார்கள். ஒவ்வொரு முறையும் நான் நிற்க வேண்டுமா?

பதில்: நிற்க வேண்டியதில்லை. பாதுகாப்பாகக் கடக்க இடம் வரும் வரை உங்கள் போக்கிலேயே போகலாம். கடந்துபோவதற்கான பொறுப்பு பின்னால் வருபவருடையது. 'அடுத்த அகலத்தில் இடப்பக்கம் வாருங்கள்' என்று குரல் கொடுத்து, அந்த இடத்தில் மிதிப்பதை மட்டும் நிறுத்தினால் போதும். பாதையை விட்டு இறங்கி ஏறுவதை நூறு முறை செய்தால் அதுவே ஒரு சுற்றின் களைப்பு. பல பந்தயங்களில் தனிநபர் பிரிவினரின் பைக்கில் அடையாளம் இருக்கும். அதைப் பார்த்ததும் பெரும்பாலான குழு வீரர்கள் குரலைத் தாழ்த்தி, ஒரு நல்ல சொல்லும் சொல்லிவிட்டுப் போவார்கள்.

கேள்வி: எனக்கு வயது 44. தொடங்குவதற்கு மிகவும் தாமதமா?

பதில்: அமெரிக்காவின் ரெபெக்கா ரஷ் 1968-இல் பிறந்தவர். 24 மணி நேரத் தனிநபர் உலகப் பட்டத்தை அவர் வென்றது 2007, 2008, 2009 ஆகிய மூன்று ஆண்டுகளில். கொலராடோவில் மூவாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் தொடங்கி 100 மைல் ஓட்ட வேண்டிய லெட்வில் பந்தயத்தை 2009 முதல் 2012 வரை நான்கு முறை வென்றார். கடைசி வெற்றியின்போது அவர் நாற்பதைத் தாண்டியிருந்தார். அவர் அதற்கு முன்பும் விளையாட்டு வீராங்கனைதான் என்பதைச் சொல்லிவிட வேண்டும். உங்கள் வயதில் கூடுதலாகச் செய்ய வேண்டியவை இரண்டு: பதிவு செய்வதற்கு முன் இதயப் பரிசோதனை, கடும் பயிற்சிகளுக்கு இடையே இன்னொரு நாள் ஓய்வு.

கேள்வி: எனக்குத் துணையாள் கிடைக்கவில்லை. துணையே இல்லாமல் ஓட்டும் பந்தயங்கள் உண்டா?

பதில்: உண்டு, அது தனி உலகம். கனடாவின் பான்ஃப் நகரில் தொடங்கி, மலைத்தொடரை ஒட்டியே இறங்கி, மெக்சிகோ எல்லையில் உள்ள ஆன்டிலோப் வெல்ஸில் முடியும் 'டூர் டிவைட்' 4,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்டது. வழியில் எல்லோருக்கும் பொதுவாகத் திறந்திருக்கும் கடைகளிலும் விடுதிகளிலும் வாங்கலாம், தங்கலாம். உங்களுக்கென்று ஒருவர் காத்திருந்து உதவக் கூடாது. 2016-இல் மைக் ஹால் இதை 13 நாள் 22 மணி 51 நிமிடத்தில் முடித்தார். அந்தச் சாதனை 2024 வரை நின்றது. அங்கே தூக்கத்தைத் தவிர்ப்பது வழியன்று, ஒவ்வோர் இரவும் எவ்வளவு தூங்குவது என்பதே உத்தி.

நீங்கள் முதலில் செய்யக்கூடியது, துணையாள் இல்லாமலே ஒரு 12 மணி நேரச் சுற்றுப் பந்தயம். ஒரு மேசை, அதன்மேல் சுற்று எண் எழுதிய பைகள். ஒவ்வொரு பையிலும் அந்தச் சுற்றுக்கான உணவும் பாட்டிலும். வந்ததும் ஒரு பையை எடுத்துக்கொண்டு போய்விடலாம். பக்கத்துக் கூடாரத்துத் துணையாளரிடம் முந்தைய மாலையே அறிமுகமாகிக்கொள்ளுங்கள். நீங்கள் நீண்ட நேரம் திரும்பி வராவிட்டால் கவனிக்க ஒருவராவது வேண்டும்.

கேள்வி: பந்தயம் மதியம் முடிகிறது. அன்றே மூன்று மணி நேரம் கார் ஓட்டி வீடு திரும்பி, மறுநாள் வேலைக்குப் போகலாம் என்றிருக்கிறேன். முடியுமா?

பதில்: காரை நீங்கள் ஓட்டக் கூடாது. 24 மணி நேரம் விழித்திருந்தவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.10 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் நிலைக்குச் சமம் என்று 1997-இல் வெளியான ஆய்வு காட்டியது. உங்களுக்கு அதன் மேல் ஒரு நாள் முழுக்க மிதித்த களைப்பும் சேரும். துணையாளராக இருந்தவரும் இரவு முழுதும் தூங்காதவர்தான் என்பதால் அவரிடமும் சாவியைக் கொடுக்காதீர்கள். பந்தய இடத்திலோ அருகிலோ ஓர் இரவு தங்குங்கள், அல்லது நன்கு தூங்கிய மூன்றாமவர் ஒருவரை வரச் சொல்லுங்கள். மறுநாளுக்கு விடுப்பு எடுங்கள். ஒரு வாரத்துக்கு மெதுவான நடையும், விரும்பினால் சமதளத்தில் சிறு ஓட்டமும் போதும். கடும் பயிற்சிக்கு இரண்டு மூன்று வாரம் பொறுத்திருங்கள். பைக்கைக் கழுவுவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பெடலின் தாங்கிகளுக்குள் புகுந்த சேறு காய்ந்துவிட்டால் பிறகு வராது.